திறப்புள்ள சுவரும் இழைவலைச் சாந்தும்

மனிதன் தன் உறைவிடத்துக்குச் சுவர் எழுப்பக் கற்ற அன்றே அச்சுவரிலே வாயில் விடவும் கற்றான். காப்புக்குச் சுவர் வேண்டும். வாழ்வுக்கு வாயில் வேண்டும். ஒளியும் காற்றும் புகாத அறை சிறையேயன்றி வீடாகாது. ஆயினும், மேலுள்ள பாரத்தை ஏந்தி நிலத்திற் சேர்ப்பதே சுவரின் தொழில். வாயிலும் யன்னலும் அப்பாரம் இறங்கும் வழியில் அமைந்த இடைவெளிகள். எனவே, திறப்பு ஒவ்வொன்றும் சுவரின் வலிமையில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே தன் பயனைத் தருகின்றது. அப்பங்கு எவ்வளவு? அதனை மீட்டுக்கொள்ளும் வழி யாது? இவ்வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டும் உரியன அல்ல. பாடசாலையிலே படிப்போரும், மருத்துவமனையிலே படுத்திருப்போரும், மாடிவீட்டிலே உறங்குவோரும் அவற்றின் விடையை நம்பியே வாழ்கின்றனர்.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலத்தில் இவ்வினாக்கள் மேலும் கூர்மையடைகின்றன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி பாலமீன்மடு முகத்துவாரத்திற் கடலோடு கலக்கின்றது. அதன் கீழ்ப்பால் எழுவான்கரை, மேல்பால் படுவான்கரை. எழுவான்கரை ஊர்கள் பல ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய மணற்றிடலில் அமைந்தவை. அங்கே உப்புக் காற்று ஓயாது வீசுகின்றது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் இந்நிலத்தின் கட்டடங்களைக் கடுமையாகச் சோதித்தன. வெப்பமும் ஈரமும் மிக்க இந்நாட்டிற் காற்றோட்டமின்றி வாழ்தல் அரிது. ஆதலால் திறப்புகளைத் தவிர்த்தல் இயலாது. உப்பையும் தவிர்த்தல் இயலாது. இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டு சுவரைக் காக்கும் முறைகளுள் ஒன்று, இரும்புக்குப் பதிலாக நெய்த இழைவலையைச் சாந்தினுள் வைத்துச் சுவரின்மீது பூசுவதாகும். அம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரம் இறங்கும் வழி

வாவியிற் பாலத்தூண் ஒன்றினருகே நின்று நீரோட்டத்தை நோக்குவோர் ஓர் உண்மையைக் காண்பர். நேராக வந்த நீர் தூணை ஊடறுத்துச் செல்லமாட்டாது இருமருங்கும் பிரிந்து, அங்கே நெருங்கி விரைந்து, அப்பாற் சென்று மீண்டும் சேர்கின்றது. சுவரில் இறங்கும் பாரமும் ஏறத்தாழ இவ்வாறே ஒழுகுகின்றது. யன்னல் ஒன்று குறுக்கிடுமாயின், அதன்மேலிருந்து வரும் பாரம் இருமருங்கும் ஒதுங்கி, அங்குள்ள சுவர்ப்பகுதியில் நெருங்கி இறங்குகின்றது. ஓர் அலகு பரப்பிலே தாக்கும் இவ்விசையைத் தகைப்பு என்பர். திறப்பின் அருகே தகைப்பு மிகுகின்றது.

எவ்வளவு மிகும் என்பதை 1898 இல் கேர்ஷ் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் கணித்துக் காட்டினார். அகன்ற தகடு ஒன்றின் நடுவே சிறிய வட்டத் துளை இருக்குமாயின், துளையின் இருமருங்கிலும் தகைப்பு மூன்று மடங்காகின்றது. அதனினும் வியப்புக்குரியது பிறிதொன்று. தகட்டை மேலிருந்து கீழாக நெருக்கும்போது, துளையின் உச்சியிலும் அடியிலும் நெருக்கலுக்கு மாறாக இழுவை தோன்றுகின்றது. அதன் அளவு, தகடு முழுவதிலும் உள்ள நெருக்கலுக்குச் சமமாகும்.

இதன் பொருளைச் சிறிய கணக்கொன்றாற் காணலாம். ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூற்றன் நெருக்கலைத் தாங்கவல்ல கொங்கிறீற்றுச் சுவரில் 3 நியூற்றன் மட்டுமே தாக்குவதாகக் கொள்வோம். எட்டில் ஒரு பங்கும் இல்லாத இப்பாரத்திற்குச் சுவர் அஞ்சவேண்டியதில்லை எனத் தோன்றும். ஆயின், கொங்கிறீற்று இழுவையைத் தாங்கும் ஆற்றல் நெருக்கலைத் தாங்கும் ஆற்றலிற் பத்திலொரு பங்களவே. அதாவது ஏறத்தாழ 2.5 நியூற்றன். துளையின் உச்சியில் எழும் இழுவையோ 3 நியூற்றன். ஆகவே, நெருக்கலில் மிக உறுதியான அச்சுவர் இழுவையினால் வெடிக்கின்றது.

யன்னல் வட்டமாக அமைவதில்லை. நான்கு மூலைகளை உடையது. 1913 இல் ஆங்கிலப் பொறியியலாளர் இங்கிலிசு, துளையின் முனை கூர்மையாகுந்தோறும் அங்கே தகைப்பு மேன்மேலும் மிகும் என்று நிறுவினார். யன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைக் காணாதார் இலர். பூச்சு வேலையின் குறை என்று கருதி அதனைச் சுண்ணாம்பால் மறைப்பது வழக்கம். உண்மையில் அது பல வேளைகளிற் பாரம் தன் வழியைத் தானே எழுதிக் காட்டிய கோடாகும்.

பழங்காலத்தார் இவ்விழுவையை வென்ற முறை வேறு. போர்த்துக்கேயர் 1628 இல் அமைத்து, ஒல்லாந்தர் 1638 இற் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் தடித்த மதில்கள் இரும்புக் கம்பியின் துணையின்றி நிற்பவை. அக்காலத்துக் கட்டடக் கலைஞர் திறப்பின்மேல் வளைவு அமைத்து, இழுவை எழாதவாறு பாரத்தை நெருக்கலாகவே இருமருங்கும் இறக்கினர். மெல்லிய சுவரை விரும்பும் இக்காலத்தில், மேசன்மார் லிண்டல் என்று கூறும் குறுக்கு வளை அப்பணியைச் செய்கின்றது. அதனுள்ளிருக்கும் உருக்குக் கம்பியே இழுவையை ஏற்கின்றது. வலுவூட்டிய கொங்கிறீற்றுச் சுவரைப் புதிதாக வார்க்கும்போது, திறப்பைச் சுற்றி மிகைக் கம்பியும் மூலைகளிற் சாய்வுக் கம்பியும் வைப்பது நல்ல பொறியியல் வழக்காகும்.

வெட்டிய திறப்பின் விலை

இடர் பெரும்பாலும் பின்னரே எழுகின்றது. இரண்டு அறைகளை இணைத்தற்கும், புதிய வாயில் விடுதற்கும், குழாய் செலுத்துதற்கும், குளிரூட்டி பொருத்துதற்கும் முன்பே நிற்கும் சுவரை வெட்டுகின்றனர். அவ்வாறு வெட்டும்போது கொங்கிறீற்று மட்டுமன்றி உள்ளிருந்த கம்பியும் அறுபடுகின்றது. புதிய மூலைகளுக்குச் சாய்வுக் கம்பி இல்லை. புதிய திறப்பின்மேல் லிண்டலும் இல்லை.

சுவீடன் நாட்டின் லூலியோ தொழினுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2010 களில் இதனைச் சோதித்து அறிந்தனர். குடியிருப்புக் கட்டடங்களின் சுவரைப் பாதியளவிற் பிரதிசெய்து, திறப்பில்லாதது, சிறிய திறப்புள்ளது, பெரிய திறப்புள்ளது என மூவகையாக அமைத்து, அவை உடையும்வரை பாரம் ஏற்றினர். சிறிய திறப்பு சுவரின் குறுக்கு வெட்டுப் பரப்பில் 25 சதவீதத்தைக் குறைத்தது. ஆயின், தாங்கும் வலிமையோ 36 சதவீதம் குறைந்தது. பெரிய திறப்பு பரப்பிற் பாதியைப் போக்கியது. வலிமையிலும் பாதி போயிற்று.

சிறிய திறப்பு தன் அளவினும் மிகுதியாக வலிமையைக் குறைத்தமைக்குக் காரணம் யாது? நாற்புறமும் பற்றப்பட்ட சுவர் ஒரு முழுத்தகடு போலத் தொழிற்படுகின்றது. நடுப்பகுதி பிதுங்க முயலுமாயின் நான்கு ஓரங்களும் அதனைப் பிடித்து நிறுத்துகின்றன. நடுவே திறப்பு வந்ததும் அத்தகடு இருமருங்கும் நிற்கும் ஒடுங்கிய தூண்களாகப் பிரிகின்றது. ஒவ்வொரு தூணும் ஓர் ஓரத்தின் பிடியை இழந்து எளிதில் வளைகின்றது. மூலைகளின் தகைப்பும் இதனோடு சேருகின்றது. ஆகவே, காற்பங்கு சுவரை வெட்டினாற் காற்பங்கு வலிமைதான் போகும் என்று எண்ணுவது பிழையான கணக்கு.

இவ்வாய்வாளர் வெட்டிய சுவர்களைப் பின்னர் வலுவூட்டியும் பார்த்தனர். அவர்கள் கையாண்டது சாந்தன்று. பிசினால் ஒட்டிய காபன் இழைத்தாள். அவ்வாறு வலுவூட்டியபின் சிறிய திறப்புள்ள சுவர்கள் முழுச்சுவரின் வலிமையில் 85 முதல் 94.8 சதவீதம்வரை எட்டின. பெரிய திறப்புள்ளவையோ 56.5 முதல் 63.4 சதவீதம்வரை மட்டுமே எட்டின. இழைவலைச் சாந்தைப் பற்றிப் பேசுமுன் இவ்வெண்களை மனங்கொள்ளல் வேண்டும். சிறிய குறைவைப் புறக்கட்டு ஏறத்தாழ ஈடுசெய்யும். பாதிச் சுவரை இழந்த இடத்தில் எந்தப் பூச்சும் அதனைத் திருப்பித் தராது.

உள்ளிருந்து அரிக்கும் பகை

திறப்பின் ஓரங்களிலே வாவிக்கரையில் மற்றுமொரு பகை காத்திருக்கின்றது. நல்ல கொங்கிறீற்றினுள் உருக்குக் கம்பி துருப்பிடிப்பதில்லை. சீமெந்து நீரோடு சேரும்போது உண்டாகும் கல்சியம் ஐதரொட்சைட்டு முதலியவற்றால் அதன் காரத்தன்மை 12 என்னும் பீ.எச். அளவுக்கு மேல் நிற்கின்றது. அக்காரத்தினாற் கம்பியின்மேல் மிக மெல்லிய காப்புப்படலம் உண்டாகி அதனைக் காக்கின்றது. இக்காப்பைக் குலைப்பவை இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு. அது மெல்ல உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கின்றது. மற்றையது, உப்பிலுள்ள குளோரைட்டு. காரத்தன்மை குறையாதிருப்பினும் அது காப்புப்படலத்தைத் துளைத்துவிடுகின்றது.

வாடைக் காலத்து மழையில் நனைவதும், கச்சான் காற்றிற் காய்வதுமாக ஆண்டுதோறும் சுவர் மாறிமாறி நிலைகொள்கின்றது. நனையும்போது உட்சென்ற உப்பு, காயும்போது நீர் மட்டும் வெளியேற உள்ளேயே தங்கிவிடுகின்றது. கழுவாத கடல்மணலையோ உவர்நீரையோ கலவையிற் சேர்த்திருப்பின் பகை தொடக்கத்திலேயே உள்ளே இருக்கின்றது. யன்னல் ஓரங்களிற் கம்பியை மூடிய கொங்கிறீற்று மெல்லியதாய் இருப்பதாலும், மூலை வெடிப்புகள் உப்புக்கு வழி திறப்பதாலும், அரிப்பு அங்கேயே முதலிற் காணப்படுகின்றது.

துரு தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு கனவளவு கொள்வது. இடமின்றி வீங்கிய துரு கொங்கிறீற்றை உள்ளிருந்து தள்ளி உடைக்கின்றது. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலத்தின் இரும்பை எவரும் காணலாம். துருவைக் கண்டவுடன் சுரண்டி வர்ணம் பூசலாம். சுவரினுள் மறைந்த இரும்புக்கு அவ்வசதி இல்லை. அது தன் நோயை வெளிக்காட்டும்போது நோய் முற்றியிருக்கும்.

இத்தகைய சுவரை வலுவூட்ட முன்னாளிலிருந்து வழங்கும் முறைகள் இரண்டு. புதிய கம்பி கட்டி 100 மில்லிமீற்றர் தடிப்பிற் கொங்கிறீற்றுப் போர்வை வார்ப்பது ஒன்று. அதனால் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ 240 கிலோகிராம் புதிய பாரம் ஏறும். மணல் நிலத்து அத்திவாரத்துக்கு அது சிறு சுமையன்று. உருக்குத் தகட்டை ஒட்டியும் ஆணியடித்தும் பொருத்துவது மற்றொன்று. உப்புக் காற்றில் அத்தகடே துருவுக்கு இரையாகும். இரும்பால் வந்த நோய்க்கு இரும்பையே மருந்தாக்குவதிலுள்ள இவ்விடரே அறிஞரை வேறு இழைகளை நாடச் செய்தது.

படகிலிருந்து சுவருக்கு

சாந்தினுள் வலை வைக்கும் எண்ணம் புதியதன்று. அது முதலில் நீர்மேலேயே மிதந்தது என்பது வாவிக்கரை மக்களுக்கு உவப்பளிக்கும் செய்தி. பிரான்சு தேசத்து இலம்போ என்பவர் 1848 இற் கம்பிவலையின்மீது சீமெந்துச் சாந்து பூசிச் சிறுபடகு ஒன்றைச் செய்தார். 1855 இற் பாரிசு நகரக் கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தார். பூந்தோட்டக் கலைஞரான மொனியே 1867 இல் இரும்புவலை வைத்த செடித்தொட்டிகளுக்கு ஆக்கவுரிமை பெற்றார். வலுவூட்டிய கொங்கிறீற்று இத்தகைய தொடக்கத்திலிருந்தே வளர்ந்தது. வலை பின்னர்த் தடித்த கம்பியாகிற்று. மெல்லிய படகு பெருங்கட்டடமாகிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வலை துருப்பிடியாத இழையால் மீண்டும் நெய்யப்படலாயிற்று.

இதற்குத் தடையாய் நின்ற வினா ஒன்று உண்டு. இரும்பைக் காக்கும் அதே காரத்தன்மை சாதாரணக் கண்ணாடி இழையை அரித்துவிடும். பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்னும் அறிஞர் செய்த ஆய்வுகள் சேர்க்கோனியா கலந்த கண்ணாடி காரத்தை எதிர்த்து நிற்கும் எனக் காட்டின; 1970 களின் தொடக்கத்தில் அவ்விழை விற்பனைக்கு வந்தது. 1999 இல் ஜேர்மனியின் டிறெஸ்டன், ஆகன் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் நெசவிழைக் கொங்கிறீற்றுக்கென இரண்டு பெரும் ஆராய்ச்சித் திட்டங்கள் தொடங்கின. 2006 இல் ஜேர்மனியின் சுவைன்பேட் நகரத்து உயர்கல்வி நிறுவனமொன்றின் கொங்கிறீற்றுக் கூரை இம்முறையால் வலுவூட்டப்பட்டது. 8 சென்ரிமீற்றர் தடிப்பே உடைய அக்கூரை ஓட்டின்மேல், காபன் நெசவு பொதிந்த 15 மில்லிமீற்றர்ப் படை மட்டுமே ஏற்றப்பட்டது. அதே ஆண்டிற் கிரேக்க நாட்டின் பற்றஸ் பல்கலைக்கழகத்துத் திரியாந்தபில்லு, பப்பனிகொலவு ஆகிய இருவரும் கொங்கிறீற்று வளைகளின்மீது நெசவிழைச் சாந்தைப் போர்த்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். 2013 இல் அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகம் இம்முறைக்கு வடிவமைப்பு வழிகாட்டியை வெளியிட்டது.

பாவும் ஊடும்

நெசவை அறிந்த நாட்டார்க்கு இப்பொருளை விளக்குதல் எளிது. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் கைத்தறிகள் ஒலித்த ஒலியை இப்பகுதியார் நன்கறிவர். தறியிலே நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே செல்வது ஊடு. வலுவூட்டும் வலையிலும் இவ்விரண்டும் உண்டு. ஆடையில் இழைகள் இடைவெளியின்றி நெருங்கியிருக்க, இவ்வலையிலோ சாந்து ஊடுருவிச் செல்லும் பொருட்டுப் பத்து மில்லிமீற்றர் முதல் முப்பது மில்லிமீற்றர் அளவிலான கண்கள் விடப்படுகின்றன. மீன்வலையை ஒத்த இக்கண்களின் வழியே இருபுறத்துச் சாந்தும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

இழை காபனாகவோ, காரத்தை எதிர்க்கும் கண்ணாடியாகவோ, எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசாற்று இழையாகவோ இருக்கலாம். காபன் இழையொன்றின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்குரோமீற்றர். ஒரு நூலில் அத்தகைய பல்லாயிரம் இழைகள் சேர்ந்திருக்கும். கட்டடக் கம்பியின் உருக்கு ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 500 நியூற்றன் இழுவையில் இளகத் தொடங்க, காபன் இழை 3,500 நியூற்றனுக்கும் மேல் தாங்கவல்லது. ஆயினும் அவ்வாற்றல் முழுவதும் சுவருக்குக் கிட்டுவதில்லை. நூலின் புறத்தேயுள்ள இழைகளையே சாந்து பற்றுகின்றது, அகத்தேயுள்ளவை வழுக்குகின்றன. புறவிழை அறுந்தபின் அகவிழை உருவிக்கொண்டு வருவதும் உண்டு. இதனைக் குறைப்பதற்காகவே பல வலைகளுக்குப் பல்பகுதியப் பூச்சு இடுகின்றனர்.

இரும்பைப் போல இவ்விழைகள் துருப்பிடிப்பதில்லை. ஆதலால், கம்பியை மூடுவதற்கு வேண்டிய தடித்த கொங்கிறீற்றுப் படை இங்கே வேண்டியதில்லை. ஓரிரு படை வலைக்குப் பத்து மில்லிமீற்றர் அளவிலான சாந்து போதும். அதன் நிறை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம். முன்னர்க் கூறிய கொங்கிறீற்றுப் போர்வையின் 240 கிலோகிராமோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பிசினோ, சாந்தோ?

இழையைச் சுவரோடு பிணைக்க எப்பொட்சிப் பிசினைப் பயன்படுத்தும் முறை முன்னரே வழங்கிவந்தது. உலர்ந்த சுவரில், இதமான வெப்பநிலையில் அது மிகச் சிறந்த பிணைப்பு. பற்றஸ் ஆய்வுகளிலும் பிசினோடு ஒப்பிடுகையிற் சாந்தின் பயன் சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும், பிசினுக்கு மூன்று குறைகள் உண்டு. ஈரச்சுவரில் அது நன்கு பற்றாது. சுவரினுள்ளிருக்கும் ஈரம் வெளியேற முடியாதவாறு அடைத்துவிடும். பொதுவாக வழங்கும் பிசின்கள் 50 முதல் 80 பாகை செல்சியசு வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் 2016 இல் வெளியான சோதனைகளில், வெப்பம் மிக்க நிலையிற் பிசின் போர்வை தன் பயனை ஏறத்தாழ முற்றும் இழக்க, சாந்துப் போர்வை பாதியளவேனும் காத்துக்கொண்டது. ஈரமும் வெயிலும் மிக்க வாவிக்கரைக்கு எது இசைந்தது என்பது இதனாற் புலனாகும். நனைத்த சுவரிற் பற்றுவதும், ஈரத்தை மூச்சுவிட விடுவதும், மேசன் கை அறிந்ததுமான பொருள் சாந்தே.

செய்யும் முறை

முதற்பணி பூசுவதன்று, சோதிப்பதாகும். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது வெற்றொலி எழும் இடத்தில் உள்ளே கொங்கிறீற்று பிரிந்துள்ளது என்று அறியலாம். அவ்விடத்தை உடைத்துக் கம்பியின் பின்புறம்வரை அகற்றி, துருவைக் கம்பித் தூரிகையாலோ மணல் வீச்சாலோ நீக்கி, உப்பேறிய கொங்கிறீற்றையும் களைந்து, புதிய சாந்தால் நிரப்புதல் வேண்டும். உப்பை உள்ளே விட்டு மேலே வலை போர்த்தினால், புண்ணைக் கழுவாது கட்டுப் போட்டவாறாகும். போர்வைக்குள்ளே அரிப்புத் தொடரும். வலையும் ஒருநாள் சுவரின் தோலோடு கழன்று விழும்.

அடுத்து, பழைய வர்ணத்தையும் பூச்சையும் நீக்கிக் கொங்கிறீற்றின் முகத்தைச் சொரசொரப்பாக்குவர். பின்னர் நன்னீரால் நனைத்து, மேற்பரப்பில் நீர் தேங்காத நிலையில் முதற்சாந்துப் படையை இடுவர். அச்சாந்தின் மணல் வலையின் கண்களிற் புகத்தக்க நுண்மையுடையதாய் இருத்தல் வேண்டும். சாந்து உலருமுன் வலையை விரித்து, கரண்டியால் அழுத்தி, கண்கள்தோறும் சாந்து பிதுங்கி எழும்வரை பதிப்பர். அதன்மேல் இரண்டாம் படை. மேலும் வலை வேண்டுமாயின் இவ்வாறே தொடர்வர். இறுதியிற் பல நாள் ஈரம் காத்தல் இன்றியமையாதது. வெயிலில் விரைந்து உலர்ந்த மெல்லிய படை வெடிக்கும்.

வலை எங்கே செல்லவேண்டும் என்பதே பொறியியலின் உயிர்நிலை. திறப்பின் மூலைகளில் வெடிப்பு ஓடும் சாய்வுக்குச் செங்குத்தாகக் குறுக்கே ஒரு துண்டு. திறப்பின் இருமருங்குத் தூண்பகுதிகளில் மேலிருந்து கீழாக நெடுந்துண்டு. திறப்பின் மேற்பகுதியில் இழுவையை ஏற்கக் கிடையாக ஒரு துண்டு. இவற்றை ஒரு முகத்தில் மட்டும் வைப்பின் சுவர் ஒருபுறம் சாய முயலும். ஆகவே இருமுகத்திலும் வைத்து, திறப்பின் ஓரம் வழியே சுற்றி இணைப்பது நன்று. சுற்றுமிடத்திற் கூரிய ஓரத்தை உருண்டையாக்குதல் வேண்டும். இழை கூர்முனையில் மடிந்தால் அறும். சுவர் நீண்டதாதலால் தூணைப்போல முழுதும் சுற்றிக் கட்ட இயலாது. எனவே, வலையின் முனைகள் கழன்றுவிடாமல், சுவரில் துளையிட்டுப் பதித்த இழைக் கற்றைகளாற் பிணைக்கின்றனர். முனை பற்றாத வலை, முடிச்சிடாத கயிறு போன்றது.

எல்லைகள்

நற்பொருளாயினும் அதன் எல்லை அறிந்து பயன்படுத்தலே அறிவுடைமை. காபன் மின்னைக் கடத்துவது. அது உருக்குக் கம்பியைத் தொடுமாயின், உப்பு ஈரத்தில் அக்கம்பியின் அரிப்பு விரையும். ஆகவே கம்பி வெளிப்பட்ட இடத்திற் காபன் வலை அதனைத் தொடாதவாறு காத்தல் வேண்டும். காரத்தை எதிர்க்கும் கண்ணாடி இழையும் வெப்பமும் ஈரமும் மிக்க சூழலில் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு பங்கு வலிமையை இழக்கும். அதனைக் கணக்கிற் கழித்தே வடிவமைத்தல் வேண்டும். இழை உருக்கைப் போல நீண்டு இளகி முன்னறிவிப்புத் தருவதில்லை. எல்லை கடந்தால் திடீரென அறும்.

சுவர் உறுதியானால் கட்டடம் உறுதியாகிவிடும் என்பதும் இல்லை. ஆழிப்பேரலையின் பின் கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சாய்ந்து நின்ற காட்சியைக் கண்டவர் மறவார். அடியிலுள்ள மணலை அலை அரித்துச் செல்லுமாயின் மேலே எவ்வளவு வலை போர்த்தினும் பயனில்லை. மேலும், அவ்வலைக்குப் பின் கட்டடங்களை ஆய்ந்த பொறியியலாளர், நீர் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேற இடமிருந்த கட்டடங்கள் அடைபட்டவற்றினும் நன்கு நின்றமையைக் கண்டனர். திறப்பு சுவரின் பகையும் ஆகலாம். பெருவெள்ளத்திற் கட்டடத்தின் நட்பும் ஆகலாம். ஆதலால், அஞ்சித் திறப்புகளை எல்லாம் அடைப்பது தீர்வன்று; திறப்பின் ஓரத்தை உறுதிசெய்வதே தீர்வாகும்.

வாவிக்கரையின் வீடுகளுட் பெரும்பாலானவை செங்கல்லாலோ சீமெந்துக் கல்லாலோ ஆனவை. முழுதும் வலுவூட்டிய கொங்கிறீற்றாலான சுவர்கள் நீர்த்தாங்கி, உயர்த்திக்கூடு, மாடிக் கட்டடங்களின் சில பகுதிகள் ஆகியவற்றிலேயே காணப்படுவன. ஆயினும் இம்முறை கற்சுவருக்கும் ஏற்றது. 2009 இல் இலாக்குவிலா நகரத்தை நிலநடுக்கம் சிதைத்த இத்தாலி நாட்டில், பழைய கற்கட்டடங்களைக் காக்க இழைவலைச் சாந்து பெரிதும் பயன்பட்டுவருகின்றது. அதற்கென அந்நாட்டு ஆராய்ச்சி மன்றம் 2018 இல் வழிகாட்டி நூல் ஒன்றும் வகுத்தது. இலங்கையில் நிலநடுக்கம் அரிது. காற்றும் நீரும் உப்புமே இங்குள்ள பகைகள். பகை வேறாயினும், மூலையில் எழும் இழுவை ஒன்றே.

இவை அனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. இழைவலைச் சாந்து உப்புக் காற்று நாட்டுக்கு இசைந்த நல்ல மருந்து. ஆயின் அது மருந்தே, உணவன்று. நன்னீராலும் கழுவிய மணலாலும் கலந்த கொங்கிறீற்று, கம்பியை மூடிய போதிய படை, மூலைகளிற் சாய்வுக் கம்பி ஆகியவையே சுவரின் உணவு. நிற்கும் சுவரை வெட்டுமுன் பொறியியலாளரை ஒருமுறை வினவுதல், வெட்டியபின் வலைகொண்டு கட்டுவதினும் மலிவானது. காற்பங்கு வெட்டு மூன்றிலொரு பங்குக்கு மேல் வலிமையைக் கொண்டுபோகும் என்ற கணக்கே அதற்குச் சான்று. யன்னல் மூலையில் ஓடும் சிறு வெடிப்பைச் சுண்ணாம்பால் மறையாது, அது எதனைக் கூறுகின்றது என்று கேட்கும் பழக்கம் பாடசாலைகளிலேயே தோன்றுதல் வேண்டும். இன்று இரசாயனத்தில் துருவையும், பௌதிகத்தில் விசையையும் படிக்கும் மாணவரே நாளை இந்நிலத்தின் சுவர்களைக் காக்கப் போகின்றவர். அவர் கற்கும் பாடத்துக்கு வேண்டிய எடுத்துக்காட்டு, அவர் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் யன்னல் ஓரத்திலேயே இருக்கின்றது.